கத்தியில ஓடுற ரேகை: வாசகர் கேள்வி-பதில்

போன இதழ்ல டமாஸ்கஸ் கிச்சன் கத்தியை கையால அடிச்சு செய்யறதைப் பத்தி ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தோம், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நெனைக்கல. படிக்காதவங்களுக்காக ஒரு வரி: ரெண்டு வகை ஸ்டீலை மாத்தி மாத்தி அடுக்கி, உலையில காயவச்சு அடிச்சு ஒரே கட்டியா ஒட்டி, அதுல கத்தி செஞ்சு கடைசியா ஆசிட்ல முக்கினா ஒரு ஸ்டீல் கறுக்கும், இன்னொண்ணு வெள்ளி மாதிரி நிக்கும், அந்த ரேகைதான் டிசைன். இனி கேள்விங்க.

நான் ஐடி வேலை. இரும்பு வேலை சுத்தமா தெரியாது. நேரா டமாஸ்கஸ் கத்தியிலயே ஆரம்பிக்கலாமா? (கோவை வாசகி)

வேண்டாம்ங்க. ஆசையை அணைக்கறதுக்கு சொல்லல, ஆனா டமாஸ்கஸ்ல ரெண்டு தனித்தனி வித்தை இருக்கு, ஒண்ணு அடுக்கை ஒட்டறது, இன்னொண்ணு கத்தியை கத்தியா ஆக்கறது, அதாவது வடிவம் அடிக்கறது, தோய்ச்சல் போடறது (சூடாக்கி எண்ணெயில முக்கி கெட்டியாக்கறது), மெலிசா சாணை பிடிக்கறது. ரெண்டையும் ஒரே நேரத்துல கத்துக்கப் போனா கத்தி வெட்டலன்னா தப்பு எங்கன்னே தெரியாது. முதல்ல ஒரே ஸ்டீல்ல, 1084ன்னு ஒரு சாதா கார்பன் ஸ்டீல் இருக்கு, அதுல சின்ன காய்கறிக் கத்தி சிலது செய்ங்க. அது தக்காளித் தோலை அழுத்தாம வெட்டுச்சுன்னா அப்புறம் அடுக்குக்கு வாங்க.

அமெரிக்காவுல 1976ல ஆரம்பிச்ச பிளேட்ஸ்மித் சொசைட்டின்னு ஒரு அமைப்பு இருக்கு, அவங்க ஜர்னிமேன்ங்கற முதல் படி டெஸ்டுக்கு டமாஸ்கஸ் கத்தியை எடுத்துக்கவே மாட்டாங்க, சாதா கார்பன் ஸ்டீல்தான். அந்தக் கத்தி தொங்கற 1 இன்ச் கயிறை ஒரே வீச்சுல வெட்டணும், மரச்சட்டத்தை ரெண்டு தடவை கொத்தி துண்டாக்கணும், அதுக்கப்புறமும் கை முடியை மழிக்கணும், கடைசியா வைஸ்ல (இறுக்கிப் பிடிக்கற கருவி) வச்சு 90 டிகிரி வளைச்சா உடையக்கூடாது. அடுத்த படியான மாஸ்டர் டெஸ்டுக்குத்தான் டமாஸ்கஸ் கேக்கறாங்க, அது குறைஞ்சது 300 அடுக்கு. இத்தனைக்கும் அந்த அமைப்பை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான பில் மோரன்தான் 1973ல டமாஸ்கஸ் கத்திகளை கண்காட்சியில வச்சு அமெரிக்காவுல இந்தக் கலைக்கு மறுபடி உயிர் கொடுத்தவர். அவங்களே அந்த வரிசையிலதான் போறாங்க.

லாரி ஸ்பிரிங் பட்டையையும் பழைய அரத்தையும் அடுக்கி அடிச்சா டிசைன் வருமா? ரெண்டும் சும்மா கெடக்கு. (நாமக்கல் வாசகர்)

நாமக்கல்ல லாரி பட்டை சும்மா கெடக்காம வேற எங்க கெடக்கும்! ஒட்டும், ஆனா முதல் கட்டிக்கு அது சரிப்படாது. பட்டையில எந்த கலவைன்னு உங்களுக்கு தெரியாது, குரோமியம் சேர்த்ததா இருந்தா அதோட ஆக்சைடு ஒட்டறதுக்கு முரண்டு பிடிக்கும், பல வருஷம் லோடு தாங்கின பட்டையில கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இருக்கும், அது தோய்ச்சல் போடறப்பதான் வாயைத் திறக்கும். டிசைனும் மங்கலாதான் வரும், ஏன்னா பளிச்சுன்னு நிக்கற லேயருக்கு நிக்கல் வேணும்.

அதனால 1084, 15என்20 இந்த ஜோடியை காசு போட்டு வாங்கிடுங்க. 15என்20ல சுமார் 2 சதவீதம் நிக்கல், ஆசிட் அதை தொடாது. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சூட்டுல கெட்டியாகும், அடிக்கறப்பவும் ஒண்ணு போலவே நகரும், இதுதான் பெரிய லாபம். காசு கொடுக்க மனசில்லன்னா மரவாடியில ஒடைஞ்சு போன பெரிய பேண்ட்-சா பிளேடு கேட்டுப் பாருங்க, பெரிய மில்லுல ஓடற அகலமான பிளேடுங்க நிறைய நிக்கல் கலந்ததுதான். ஒரு துண்டை தேய்ச்சு சாதா கார்பன் ஸ்டீல் பக்கத்துல வச்சு ஆசிட்ல முக்குங்க, பளிச்சுன்னு நின்னா அதிர்ஷ்டம். அப்புறம் ஒண்ணு, ஜிங்க் பூசின எதையும் உலையில போடாதீங்க, அந்தப் புகையில காய்ச்சலே வந்துடும்.

நாலு தடவை முயற்சி பண்ணிட்டேன், சாணை பிடிக்கறப்ப லேயர் லேயரா பிரிஞ்சு வருது. வெங்காரம் நிறையதான் போடறேன். எங்க தப்பு? (ஈரோடு வாசகர்)

நல்ல கேள்வி, நிறைய பேர் நிக்கற இடமே இதுதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். வெங்காரம், அதாவது போராக்ஸ், பசை கிடையாது. அது 740 டிகிரி சொச்சத்துல உருகி இரும்பு மேல கண்ணாடி மாதிரி படர்ந்து காத்து படாம மூடும், இருக்கற கொஞ்சம் துருப்படலத்தையும் கரைக்கும், அவ்ளோதான். ஒட்டறது இரும்பும் இரும்பும் நேரா முட்டறதாலதான். அதனால முதல்ல பாக்க வேண்டியது வெங்காரத்தை இல்ல, தகடை. ஒவ்வொரு தகடும் ரெண்டு பக்கமும் கிரைண்டர்ல தேய்ச்சு பளபளன்னு இருக்கணும், தட்டையா இருக்கணும், நடுவுல குழி இருந்தா அதுல வெங்காரம் சிக்கிக்கும், வெளிய வர வழியில்லாம உள்ளயே உக்காந்துக்கும், நீங்க எவ்ளோ அடிச்சாலும் அங்க ஒட்டாது.

அளவும் சின்னதா எடுங்க. கையால அடிக்கறப்ப 30 மில்லிமீட்டர் அகலம், 125 மில்லிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் கனத்துல 7 தகடு போதும், 600 கிராம் சொச்சம் வரும். செதில் செதிலா உலையில எரிஞ்சு போறது, சாணையில போறது எல்லாம் கழிச்சா ஒரு சின்ன கத்திக்கு தாராளம். யூடியூப்ல பவர் ஹேமர் வச்சிருக்கறவன் 3 கிலோ கட்டியை அடிக்கறதைப் பாத்துட்டு நாமளும் அடிக்கப் போனா தோள்பட்டை போயிடும். தகடு நகராம இருக்க ஓரத்துல அங்கங்க பொட்டு வெல்டிங் வச்சு, பிடிக்கறதுக்கு ஒரு கம்பியும் வெல்ட் பண்ணிக்குங்க.

அடுத்தது சூடு. வெளிய மஞ்சளா தெரியுதுன்னு உடனே எடுக்கறதுதான் பெரும்பாலான தோல்விக்கு காரணம், வெளிய 1200 டிகிரி இருக்கறப்ப நடு லேயர் இன்னும் ஆரஞ்சுல கெடக்கும். மஞ்சள் வந்ததும் காத்தை கொறைச்சுட்டு திருப்பித் திருப்பிப் போட்டு சில நிமிஷம் அப்படியே ஊற விடுங்க. கட்டி முழுக்க ஒரே கலர், எங்கயும் நிழல் இல்ல, வெங்காரம் மேல கொதிச்சு ஓடுது, அப்பதான் எடுக்கணும். மத்தாப்பு மாதிரி பொறி பறந்தா தாண்டிப் போயிட்டீங்க, ஸ்டீல் எரியுது. கேஸ் உலைன்னா வாயில கொஞ்சம் ஆரஞ்சு ஜுவாலை வெளிய நக்கற மாதிரி வைங்க, உள்ள மிச்ச ஆக்சிஜன் இல்லன்னு அர்த்தம். கரி உலைன்னா கரியை ஆழமா குமிச்சு, கட்டி காத்து வர்ற ஊதுவாய்க்கு நேரா இல்லாம மேல இருக்கணும்.

அப்புறம் அடி. முதல் அடியே சம்மட்டியால ஓங்கி போட்டா ஒட்டப் போன லேயர் வழுக்கிட்டு நகந்துடும். 1 கிலோ சுத்தியால நடுவுல ஆரம்பிச்சு ஓரத்தைப் பாத்து வேகமா, ஆனா மிதமா தட்டிகிட்டே போங்க, உருகின வெங்காரம் பக்கவாட்டுல பிச்சுகிட்டு தெறிக்கும், அதனால கண்ணாடி, தோல் ஏப்ரன், ஷூ, பருத்தி சட்டை. லுங்கி, ஹவாய் செருப்போட நிக்கறவங்களை பட்டடை பக்கம் விடாதீங்க. மறுபடி உலையில போட்டு இதையே இன்னும் ரெண்டு தடவை செய்யணும், ஒட்டினது உறுதியானப்புறம்தான் நீட்டறதுக்கு பலமா அடிக்கணும். ஆரஞ்சுக்குக் கீழ இறங்கினா நிறுத்திடுங்க, ஆறின கட்டியை ஓரம் திருப்பி அடிச்சா ஒட்டின லேயரும் விட்டுடும்.

ஒட்டலயா இல்லயான்னு சாணை வரைக்கும் காத்திருக்க வேணாம். கட்டி வெளிய ஆறறப்ப பக்கவாட்டுல பாருங்க, ஒட்டாத இடத்துல சூடு கடக்காம ஒரு கோடு தனியா தெரியும். அப்பவே திரும்ப வெங்காரம் போட்டு ஒட்டிடலாம்.

கரியா கேஸா? (விருதுநகர் வாசகர்)

கத்துக்கறதுக்கு கேஸ், சூடு சீரா கெடைக்கும். வீட்டு சிலிண்டர் வேண்டாம், கமர்ஷியல் வாங்குங்க. வெங்காரம் உலைக்குள்ள ஒட்டியிருக்கற செராமிக் வூலை கரைச்சுத் தின்னுடும், தரையில தீக்கல் போட்டுக்குங்க, வூல் மேல சூடு தாங்கற ரிஃப்ராக்டரி சிமெண்ட் பூசாம விடாதீங்க, அந்த நாரு நுரையீரலுக்கு ஆகாது. மூடின ரூம்ல ரெண்டுமே ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

அபார்ட்மென்ட் மொட்டை மாடியில செய்யலாமா? (சென்னை வாசகர்)

செய்யலாம், அசோசியேஷன் மீட்டிங்ல உங்க பேர்தான் முதல் அஜெண்டாவா இருக்கும். நகரத்துக்கு வெளிய ஒரு ஷெட் பாருங்க.

1000 அடுக்கு, 2000 அடுக்குன்னு விளம்பரம் பண்றாங்களே, அடுக்கு கூடக் கூட கூர்மை கூடுமா? (சேலம் வாசகி)

கூடாது. இன்னும் சொன்னா, கெட்டி லேயரும் மெது லேயரும் மாறி மாறி வந்து ரம்பம் மாதிரி வெட்டும்னு சொல்றதும் கதைதான். ஒட்டற சூட்டுல கார்பன் லேயர் விட்டு லேயர் நகந்து, ரெண்டு மூணு மடிப்புக்குள்ள எல்லா லேயர்லயும் ஏறக்குறைய ஒரே அளவு ஆகிடும். நிக்கல்தான் நகராம அங்கயே நிக்குது, அதாலதான் டிசைன் அழியாம இருக்கு. 7 தகடை ஒட்டி நீட்டி மூணா வெட்டி அடுக்கினா 21, மறுபடி 63, மறுபடி 189. கிச்சன் கத்திக்கு 60லேருந்து 200 வரைக்கும் கண்ணுக்கு அழகு, ரொம்ப ஏத்தினா ரேகை மெலிஞ்சு தூரத்துலேருந்து வெறும் சாம்பல் கலராதான் தெரியும்.

ஏணி டிசைன், மழைத்துளி டிசைன் எல்லாம் எப்படி வருது? அச்சு மாதிரி ஏதாவது இருக்கா? (புதுச்சேரி வாசகர்)

அச்சு இல்ல. மரப்பலகையை எந்தக் கோணத்துல இழைக்கறீங்களோ அதுக்கேத்த மாதிரி ரேகை மாறுதுல்ல, அதே கணக்குதான். லேயர் எல்லாம் படுத்த வாக்குல இருக்கறப்ப மேல குறுக்கால வரிசையா காடி (நீளப் பள்ளம்) வெட்டுங்க, ரெண்டு பக்கமும், எதிர்ப்பக்க காடி இடைவெளியில விழற மாதிரி. அப்புறம் சூடு பண்ணி தட்டையா அடிச்சா காடி அடியில இருந்த லேயருங்க மேல வந்து ஏணிப்படி மாதிரி நிக்கும். காடிக்கு பதில் டிரில்ல குழி போட்டா மழைத்துளி. முறுக்கு டிசைனுக்கு சதுரக் கம்பியா அடிச்சு மூலையை உருட்டிட்டு நல்ல மஞ்சள்ல வச்சு வைஸ்ல முறுக்கணும், மூலையை உருட்டாம முறுக்கினா மடிப்பு விழுந்து உள்ள விரிசலா போகும். எதுவும் செய்யாம சும்மா சுத்தி விழுந்த விழுப்புலயே விட்டா வர்றது ராண்டம், எனக்கு அதுதான் ரொம்ப பிடிக்கும், கடைக்காரங்க அதை மட்டமா பேசறாங்க.

டிசைன் சூப்பரா வந்துச்சு ஆனா கத்தி ரெண்டு நாள்ல மழுங்கிடுது. (மதுரை வாசகர்)

அப்ப தோய்ச்சல்லதான் கோளாறு. வெட்டறது டிசைன் இல்ல, தோய்ச்சல்தான். வரிசையா சொல்றேன். வடிவம் அடிச்சு முடிச்சதும் கத்தியை சிவக்க காயவச்சு காத்துல ஆற விடறதை மூணு தடவை செய்ங்க, ஒவ்வொரு தடவையும் சூட்டைக் கொஞ்சம் கொறைச்சு, ஒட்டற சூட்டுல பெருசான ஸ்டீலோட உள் மணி (கிரெய்ன்) எல்லாம் அப்பதான் நுணுக்கமாகும். வாய்ப்பக்கம், அதாவது வெட்டற ஓரத்துல, 1 மில்லிமீட்டர் கனம் விட்டுடுங்க, அதுக்கு மேல மெலிசாக்கிட்டு முக்கினா கோணிக்கும்.

சூட்டை எப்படிப் பாக்கறது? வெளிச்சம் கம்மியான இடத்துல நின்னுகிட்டு காந்தத்தை வச்சுப் பாருங்க, 770 டிகிரி தாண்டினா காந்தம் பிடிக்காது, அதுலேருந்து ஒரு துளி மேல, 800லேருந்து 815க்குள்ள. வெயில்ல நின்னு கலர் பாத்தா கண்டிப்பா ஏமாறுவீங்க. எண்ணெய் 50, 60 டிகிரி சூடா இருக்கணும், ஆறின எண்ணெய் கெட்டியா இருந்து கத்தியைச் சுத்தி ஆவி மூடிக்கும். கடலை எண்ணெய், சன்ஃபிளவர் எதுவா இருந்தாலும் ஓகே, பழைய இஞ்சின் ஆயில் வேண்டாம், அந்த புகையை நீங்கதான் சுவாசிக்கணும். இரும்பு டப்பாவுல எண்ணெய், பக்கத்துலயே மூடி. தண்ணியில முக்கினா இந்த ஜோடி ஸ்டீல் டிங்குன்னு வெடிக்கும், அந்த சத்தம் ஒரு தடவை கேட்டவங்க மறக்க மாட்டாங்க. வெளிய எடுத்ததும் அரத்தை வச்சு இழுங்க, கண்ணாடி மேல போற மாதிரி வழுக்கிட்டுப் போனா கெட்டியாகிடுச்சு, பிடிச்சு சுரண்டினா ஆகல, திரும்ப செய்யணும்.

உடனே ஓடிஜி ஓவன்ல 200 டிகிரியில 2 மணி நேரம், ஆறவச்சு திரும்ப 2 மணி நேரம். வெளிர் வைக்கோல் கலர் வரும், ராக்வெல்ங்கற கெட்டித்தன்மை அளவுல 60 பக்கம் நிக்கும். ஓவன் டயலை நம்பாதீங்க, தனியா ஒரு தெர்மாமீட்டர் உள்ள வைங்க. கத்தியை சோப்பு போட்டு எண்ணெய் போக கழுவிட்டு வைக்கணும், இல்லன்னா அடுத்து சுடற கேக்ல அந்த வாசனை வந்து வீட்டுல பஞ்சாயத்து ஆகும். கடைசி சாணையில அடிக்கடி தண்ணியில தோச்சுகிட்டே பிடிங்க, வாய் நீலமாச்சுன்னா இவ்ளோ வேலையும் அந்த இடத்துல போச்சு. மதுரைக்காரர் கத்தி அனேகமா இங்கதான் போயிருக்கும்னு என் யூகம்.

டமாஸ்கஸ் ஸ்டீலே நம்ம ஊர்லேருந்து போனதுதானே? அதைத்தானே இப்ப வெளிநாட்டுக்காரங்க செய்யறாங்க? (கரூர் வாசகர்)

பாதி சரி. இங்கேருந்து போனது வேற பொருள், மூசையில (உருக்கற மண் குடுவை) இரும்பையும் கரிப்பொருளையும் போட்டு மூடி உருக்கி எடுத்த கட்டி, வூட்ஸ்னு வெள்ளக்காரன் எழுதினது. உங்க ஊருக்கு கிட்ட நொய்யல் கரையில கொடுமணல்ல, அப்புறம் தென்னார்க்காடு மேல்சிறுவலூர்ல எல்லாம் அந்தத் தொழில் நடந்த தடயம் கெடைச்சிருக்கு, மேல்சிறுவலூரை ஆராய்ஞ்சு எழுதினவங்க சாரதா சீனிவாசன். அதுல ரெண்டு ஸ்டீலை அடுக்கவே இல்ல, ஒரே கட்டிக்குள்ள 1.5 சதவீதம் பக்கம் கார்பன் இருந்து, அது கார்பைடா (இரும்போட சேர்ந்த கெட்டித் துகளா) வரிசை கட்டி நின்னு தானா ரேகை கொடுக்கும். 1820 வாக்குல மைக்கேல் ஃபாரடேகூட இதோட ரகசியத்தை தேடி சோதனை பண்ணிருக்கார். 1990கள்ல ஜான் வெர்ஹோவன்ங்கற உலோகவியல் பேராசிரியரும் லாடம் அடிக்கற ஆல்ஃபிரட் பென்ட்ரேயும் சேர்ந்து, தாதுல இருந்த துளியூண்டு வனேடியம் மாதிரி தனிமங்கதான் அந்த வரிசைக்கு காரணம்னு காட்டினாங்க. வூட்ஸை ஒட்டற சூட்டுக்கு கொண்டு போனா ரேகை கரைஞ்சு போயிடும், சிவப்புலயே பொறுமையா அடிக்கணும். அதனால நான் மேல சொன்ன எதையும் அதுல செஞ்சு பாக்காதீங்க.

ஆசிட் எங்க வாங்கறது, சாப்பாட்டுக் கத்திக்கு பாதுகாப்பா? (திருச்சி வாசகர்)

ஃபெரிக் குளோரைடு, சர்க்யூட் போர்டு அரிக்கறதுக்கு விக்கறதுதான், சென்னையில ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல கெடைக்கும். 1 பங்குக்கு 3, 4 பங்கு தண்ணி, தண்ணியிலதான் ஆசிட் ஊத்தணும். பிளாஸ்டிக் டப்பா, கிளவுஸ். கத்தியை கையால 600, 800 நம்பர் எமரி ஷீட்ல தேய்ச்சு முடிச்சுட்டு 10 நிமிஷம் முக்கி எடுத்து நுண்ணிய ஷீட்ல தொடைச்சு திரும்ப முக்குங்க. கடைசியா சோடா உப்பு தண்ணியில கழுவினா ஆசிட் செத்துடும், சாப்பாட்டுக்கு பயமில்ல. மிச்சத்தை சிங்க்ல கொட்டாதீங்க, குழாயை அரிச்சுடும். இன்னும் கறுப்பா வேணும்னா மட்டமான இன்ஸ்டன்ட் காபி பொடியை கெட்டியா கரைச்சு ராத்திரி முழுக்க போட்டு வைங்க, நல்லா ஏறும். நல்ல டிகாஷனை இதுக்கு வீணாக்காதீங்க, மனசு கேக்காது.

ஆன்லைன்ல 1500 ரூபாய்க்கு டமாஸ்கஸ் கத்தி வாங்கினேன், ஒரிஜினலா? (வேலூர் வாசகி)

கத்தியோட முதுகைப் பாருங்க, ரேகை பக்கத்துலேருந்து முதுகு மேல ஏறி அந்தப் பக்கம் இறங்குதா? பக்கத்துல மட்டும் இருந்து முதுகு மொழுக்குன்னு இருந்தா சந்தேகம்தான், நடுவுல வேற ஸ்டீல் வச்ச சாண்ட்விச் கத்தியா இருந்தாலும் முதுகுல அந்தக் கோடு தெரிஞ்சாகணும். மூலையில துளி இடத்தை ஷீட்ல தேய்ச்சுட்டு அதே ஆசிட்டை ஒரு சொட்டு வைங்க, ரேகை திரும்ப வந்தா நிஜம், வரலன்னா லேசர்ல வரைஞ்சது. நிஜமா இருந்தாலும் தோய்ச்சல் ஒழுங்கா போட்டானாங்கறது தனிக் கேள்வி.

வாழைக்காய் வெட்டினா கத்தியும் காயும் கறுத்துப் போகுது. (நாகர்கோவில் வாசகி)

கார்பன் ஸ்டீல்னா அப்படித்தான். வாழைக்காய், வாழைப்பூ, எலுமிச்சை, புளி பட்ட கையோட கழுவி உடனே தொடைச்சுடுங்க, ஒரு மாசத்துல கத்தி மேல ஒரு சாம்பல் படலம் உக்காந்ததும் காய் கறுக்கறது நிறைய கொறையும். ராத்திரி ஒரு துளி தேங்காய் எண்ணெய். ஸ்க்ரப்பர் போட்டீங்கன்னா டிசைன் போகும்.

எங்க அப்பா கொல்லர், அருவா அடிக்கறவர். இந்த மாதிரி கத்தி நம்மால ஆகாதுன்னு சொல்றார். எனக்கு செஞ்சு பாக்கணும்னு இருக்கு. (சிவகங்கை மாவட்ட வாசகர்)

உங்க அப்பாகிட்ட ஒண்ணு கேளுங்க, கோடாலி வாயில எஃகு வச்சு ஒட்டி அடிச்சிருக்காரான்னு. பழைய ஆளுங்க நிறைய பேர் அடிச்சிருப்பாங்க, அப்படின்னா லேயர் ஒட்டறது அவருக்கு ஏற்கனவே தெரியும், வெங்காரத்துக்கு பதிலா மணலைப் போட்டிருப்பார், அவ்ளோதான். பட்டடை இருக்கு, சம்மட்டி போட நீங்க இருக்கீங்க, கலர் பாத்து சூடு சொல்ற கண்ணு அவர்கிட்ட இருக்கு, நாங்க எல்லாம் காந்தம் வச்சு தடவிகிட்டு இருக்கற விஷயம் அது.

மாத்த வேண்டியது ரெண்டு. அருவாளுக்கு அவர் வாயை மட்டும் தண்ணியில தோச்சுட்டு முதுகுச் சூடு வாய்க்கு ஓடி வர்ற கலரைப் பாத்து நிறுத்துவார், லாரி பட்டைக்கு அது சரி, இந்த ஸ்டீலுக்கு தண்ணி கூடாது, எண்ணெய்தான். ரெண்டாவது கனம். அருவா அடிச்ச கைக்கு மெலிசா விட மனசு வராது, கிச்சன் கத்திக்கு முதுகே 2, 2.5 மில்லிமீட்டர்தான், வாய்ப்பக்கம் சாணைக்கு அப்புறம் காகிதம் மாதிரி வரணும், பக்கத்துக்கு 15 டிகிரி கோணம். இதுக்கு மட்டும் அவர் சண்டை போடுவார், நீங்க விட்டுக் கொடுக்காதீங்க. 1084 ஒரு பட்டை, 15என்20 ஒரு பட்டை வாங்கி 7 தகடா வெட்டி தேய்ச்சு வச்சுட்டு, ஒட்டற சூட்டை மட்டும் அவரைப் பாக்கச் சொல்லுங்க.